பராக்கு மாஸ்டர்

அந்த மருத்துவமனையின் ரத்தக்குழாய் அறுவைப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளி வந்து உட்கார்ந்ததும் ஃபைலைப் புரட்டக் கூடாது. ஸ்கேனை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கக் கூடாது. முதலில் காலைத் தொட வேண்டும். பாதத்தின் மேலே ஓரிடம், கணுக்காலுக்குப் பின்னால் ஓரிடம், இரண்டிலும் விரலை வைத்து நாடி துடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இது தலைமை மருத்துவர் போட்ட சட்டம். அந்தம்மா வருகிறார் என்றால் வார்டில் கட்டில்கள்கூட நேராக நிற்கும் என்று நர்ஸ்கள் சொல்வார்கள்.

ஒரு நாள் காலை அந்தப் பிரிவின் பயிற்சி மருத்துவர் ஒருத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு லாரி டிரைவரின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, தொடாதீங்கம்மா. ஒரே அழுக்கு."

"அழுக்குன்னா கழுவிக்கலாம் அண்ணே. காலைக் குடுங்க."

விரலை வைத்தாள். மேலேயும் இல்லை, பின்னாலும் இல்லை. அதன் பிறகு கேட்டாள்: "நடந்தா வலிக்குதா?"

"அதெல்லாம் இல்லம்மா. நல்லாத்தான் நடக்கறேன்."

பின்னாலிருந்து தலைமை மருத்துவரின் குரல் வந்தது. "நடக்கும்போது நடுவுல நிப்பீங்களா?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் நிப்பேன்மா. கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும். நின்னா விட்டுடும். மறுபடி நடந்தா மறுபடி பிடிக்கும்."

"நிக்கும்போது என்ன பண்ணுவீங்க?"

அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "போனை எடுத்துக் காதுல வெச்சுக்குவேன். சும்மாதான். நடுரோட்டுல பொசுக்குன்னு நின்னா நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பாங்கல்ல?"

தலைமை மருத்துவர் பயிற்சி மருத்துவரைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா? வலிக்குதான்னு கேட்டா இல்லம்பாங்க. நின்னு என்ன பண்றீங்கன்னு கேளு, மாட்டிக்குவாங்க. ஒருத்தர் குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணுவார். இன்னொருத்தர் போறவர்கிட்ட மணி கேப்பார். ஆளுக்கொரு சாக்கு வெச்சிருப்பாங்க."

அவள் தலையை ஆட்டினாள். நல்ல மாணவி. சொன்னதை மறக்க மாட்டாள். ஆனால் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டதை வெள்ளைக் கோட்டோடு சேர்த்துக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் பல டாக்டர்களுக்கு உண்டு. அவளுக்கும் இருந்தது.

அவளுடைய படிப்பு முடிகிற வழியாகவே இல்லை என்று உறவினர்கள் சலித்துக்கொள்வார்கள். முதலில் மருத்துவம், பிறகு பொது அறுவை சிகிச்சை, அதற்கும் பிறகு மறுபடி பரீட்சை எழுதி இந்தப் பிரிவு. கூடப் படித்தவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டிருக்க, இவள் இன்னும் புத்தகத்தைச் சுமந்துகொண்டிருந்தாள். அப்படி என்னதான் படிக்கிறாய் என்று கேட்டால் அவளும் பொறுமையாகச் சொல்வாள். இதயத்துக்கு வேறு டாக்டர், மூளைக்கு வேறு டாக்டர். மற்றபடி உடம்பெல்லாம் ஓடுகிற ரத்தக்குழாய்கள் எங்கள் பொறுப்பு. கழுத்துக் குழாய் அடைத்தால் பக்கவாதம் வருமே, அது. வயிற்றுக்குள் பெரிய குழாய் வீங்கி வெடிக்கப் பார்க்குமே, அது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் வழி அமைத்துக் கொடுப்பது, காலில் சுருண்டு புடைக்கிற நரம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தம் போகாமல் அழுகப் பார்க்கிற காலைக் காப்பாற்றுவது.

இத்தனையும் கேட்டுவிட்டு அவளுடைய தாய்மாமா ஒன்றுதான் சொல்வார். அவர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். "ஆக மொத்தம் குழாய் ரிப்பேர். நம்ம லைனுக்கே வந்துட்டே. எங்க பாத்ரூம் குழாய் ஒழுகுது, வந்து பாத்துட்டுப் போயேன்."

வீடே சிரிக்கும். அந்த வீட்டில் மாமா வந்தாலே சிரிப்புதான். யாருக்கும் ஒரு பட்டப்பேர் வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அவளுடைய அப்பாவுக்கு அவர் வைத்திருந்த பேர், பராக்கு மாஸ்டர்.

அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலே தேவைப்படாத குரல். அவர் நடந்தால் கூட வருகிறவர்கள் ஓட வேண்டியிருக்கும். கையில் சிகரெட் இல்லாமல் அவரை மைதானத்துக்கு வெளியே பார்த்தவர்கள் குறைவு. பிள்ளைகள் முன்னால் மட்டும் பிடிக்க மாட்டார், அதுவே பெரிய கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவருக்குக் கொஞ்ச காலமாக ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. கடைத்தெருவில் நடந்துகொண்டே இருப்பவர், திடீரென்று "ஹால்ட்!" என்று பழைய குரலில் ஒரு சத்தம் போடுவார். கூட வருகிறவர்கள் திடுக்கிட்டு நிற்பார்கள். அவர் பாட்டுக்கு ஏதாவது ஒரு கடை வாசலில் நின்று கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். கடிகாரக் கடை, பாத்திரக் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, எதுவானாலும் சரி. எதையும் வாங்க மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து "குயிக் மார்ச்!" என்பார். ஊர்வலம் மறுபடி கிளம்பும்.

அவள் விடுமுறையில் வந்திருந்த ஒரு மாலையில், எல்லாருமாகப் பேருந்து நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். "ஹால்ட்!" என்றார் அப்பா. நின்ற இடம் பெண்களுக்கான நைட்டிக் கடை. கண்ணாடிக்குள் பொம்மைகள் வரிசையாக நைட்டி போட்டுக்கொண்டு நின்றன.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வயசுக்குத் தகுந்த மாதிரி நிக்க ஒரு இடமே கிடைக்கலையா உங்களுக்கு?"

"உனக்குத்தான் டிசைன் பார்த்தேன்."

"ஆமா, வாங்கிக் குடுத்துக் கிழிச்சீங்க."

மாமா விடுவாரா? "அக்கா, பேசாம அத்தானை இங்கயே விட்டுட்டுப் போயிடலாம். கடைக்காரன் இவருக்கும் ஒரு நைட்டி மாட்டி உள்ள நிக்க வெச்சுக்குவான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ஒரு கையைக் கடைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு, ஒரு காலை மட்டும் லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தார். அதை அவள் பார்த்தாள். பார்த்தும் என்ன, அது நோயாளியின் கால் இல்லையே, அப்பாவின் கால்தானே.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து ஒரு காலை, அவள் அறுவை அரங்கின் வாசலில் கை கழுவப் போகும் நேரம் போன் வந்தது. அப்பா அவளை வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை.

"பாப்பா, ஒண்ணுமில்ல. இந்த வலது கால் கொஞ்ச நாளா சில்லுன்னு இருக்கு. படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது. கட்டிலை விட்டுக் கீழே தொங்கப் போட்டாத்தான் கொஞ்சம் தேவலாம்னு இருக்கு."

உள்ளே நோயாளிக்கு மயக்கம் கொடுத்துவிட்டார்கள். தலைமை மருத்துவர் எந்த நிமிடமும் வந்துவிடுவார். அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தொப்பியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வயசாகுதுல்லப்பா, அப்படித்தான் இருக்கும். அம்மாகிட்ட வெந்நீர் பை இருக்கு பாருங்க, காலுக்கு வெச்சுக்கிட்டுப் படுங்க. எனக்கு ஆபரேஷன் இருக்கு, அப்புறம் பேசறேன்."

"சரிம்மா. நீ போ, நீ போ."

இதே வார்த்தைகளை ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி சொல்லியிருந்தால் அவள் பதறியிருப்பாள். கால் சில்லிடுகிறது, படுத்தால் வலிக்கிறது, தொங்கவிட்டால் தேவலை என்றால், அந்தக் கால் ரத்தத்துக்குக் கெஞ்சுகிறது என்று பொருள். ரத்தம் குறைந்த காலுக்கு உணர்ச்சியும் மந்தமாகிவிடும். சூடு பட்டால் தெரியாது, பட்ட சூடும் ஆறாது. வார்டில் ஒரு நோயாளியின் மகன் வெந்நீர் பையைக் கொண்டு வந்தபோது அவள் போட்ட சத்தம் நர்ஸ்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'படிச்சவர்தானே நீங்க?' என்றுகூட அவனைக் கேட்டிருந்தாள். அந்த வாய்தான் இதையும் சொன்னது.

அன்று இரவு அவள் திரும்பக் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. மறந்துவிட்டாள்.

அம்மாவின் போன் வந்தபோது மாதம் மாறியிருந்தது. அம்மா குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அப்பா சாக்ஸைக் கழட்டவே மாட்டேங்கறார்டி. குளிக்கும்போதும் கதவைத் தாப்பா போட்டுக்கறார். கிட்ட போனா ஒரு வாடை வருது. கேட்டா கத்தறார்."

"இப்பவே கிளம்பி வாங்கம்மா. அவர் என்ன சொன்னாலும் கேக்காதீங்க."

வந்தார்கள். அப்பா லாரி டிரைவர் உட்கார்ந்த அதே நாற்காலியில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மைதானத்தில் நிற்கிற மாதிரி உட்கார்ந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம் பாப்பா. நாறும்."

"காலைக் குடுங்கப்பா."

சாக்ஸை அவள்தான் கழற்றினாள். குதிகால் பக்கம் வெந்நீர் பை சுட்ட கொப்புளம் உடைந்து, ஆறாமல் வெளுத்துக் கிடந்தது. கட்டை விரலும் பக்கத்து விரலும் கறுத்துவிட்டன. வழக்கப்படி பாதத்தின் மேல் விரலை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லிசாக ஏதோ துடித்தது.

"இருக்கு மேடம்!" என்றாள். "லேசா இருக்கு, ஆனா இருக்கு."

தலைமை மருத்துவர் குனிந்து, அவள் கையை நகர்த்திவிட்டுத் தன் விரலை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இல்லம்மா. நீ பார்த்தது உன் விரல்ல ஓடற துடிப்பு."

இந்தப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறு அது. அழுத்திப் பிடித்தால் சொந்த விரலின் நாடியே நோயாளியின் நாடி மாதிரி ஏமாற்றும். அவள் அந்தத் தவறைத் தாண்டி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆசை வந்தால் படிப்பு பின்னால் போய்விடுகிறது.

தலைமை மருத்துவர் நிமிர்ந்து, தன் வழக்கமான கேள்விகளுக்கு வந்தார். "நடக்கும்போது கால் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களா சார்?"

"நிப்பேன்மா."

"நிக்கும்போது என்ன பண்ணுவீங்க?"

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"கடையை வேடிக்கை பார்ப்பேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கடிகாரக் கடையும் பாத்திரக் கடையும் மூக்குக்கண்ணாடிக் கடையும் நைட்டிக் கடையும் மகளின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு வாசலிலும் அவர் வலியோடு நின்றிருக்கிறார். ஒவ்வொரு வாசலிலும் அவள் சிரித்திருக்கிறாள்.

படம் எடுத்துப் பார்த்ததில், தொடையில் ஓடுகிற முக்கியக் குழாய் நெடுக அடைத்திருந்தது. புகை செய்த வேலை. பலூன் விட்டுத் திறக்கிற நிலையைத் தாண்டிவிட்டது. தொடையிலிருந்தே ஒரு நாளத்தை எடுத்து, அடைப்பைச் சுற்றிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே ரத்தம் போக மாற்று வழி போட வேண்டும். அது ஓடினால் கால் பிழைக்கும். ஓடாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது தவிர வேறு வழி இல்லை. டிரில் மாஸ்டருக்கு ஒரு கால்.

அறுவைக்கு அப்பாவை உள்ளே கொண்டு போனபோது அவளும் கூடக் கிளம்பினாள். அரங்கின் வாசலில் தலைமை மருத்துவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ வர வேணாம். இன்னிக்கு நீ டாக்டர் இல்ல. போய் உங்கம்மா பக்கத்துல உக்காரு."

அந்த வராந்தாவில் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளை அவள் தினமும் கடந்து போயிருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அங்கிருந்து பார்த்தால் அரங்கின் கதவும் அதன் மேலே எரிகிற சிவப்பு விளக்கும் தவிர வேறொன்றும் தெரியாது. கதவு திறக்கும்போதெல்லாம் உயிர் போய் வருகிறது. எத்தனை பேரிடம் 'உள்ள வேலை நடக்குது, உக்காருங்க' என்று சொல்லிவிட்டு நிற்காமல் போயிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏன்டி, நான் கூடவே இருந்தேனே," என்றாள் அம்மா. "கட்டில்ல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தூங்கினார். நல்லா நீட்டிப் படுங்கன்னு தினமும் நான்தான் தூக்கி மேல வெச்சேன்."

"நான் உங்களைவிட மோசம்மா," என்றாள் அவள். வெந்நீர் பை விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள். அம்மா அவளைத் திட்டவில்லை. தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மாமாவும் வந்திருந்தார். எல்லாருக்கும் டீ வாங்கி வந்துவிட்டு, தன் கிளாஸைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தார்.

வெகுநேரம் கழித்துத் தலைமை மருத்துவர் வெளியே வந்தார். முகமூடியைக் கீழே இறக்கினார். "வா," என்று அவளை மட்டும் கூப்பிட்டார். உள்ளே, மயக்கம் தெளியாமல் கிடந்த அப்பாவின் கட்டுப் போட்ட காலைக் காட்டினார். "பாரு. அழுத்தாம பாரு."

கணுக்காலுக்குப் பின்னால் மெத்தென்று வைத்தாள். துடித்தது. தன் விரல்தானோ என்ற சந்தேகத்தில் இன்னொரு கையால் தன் மணிக்கட்டு நாடியையும் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஓடின. அது அப்பாவுடையதுதான்.

கால் பிழைத்தது. விரல்கள் இரண்டும் பிழைக்கவில்லை.

அவர் எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகு ஒரு நாள், அவள் கட்டு மாற்றிக்கொண்டே கேட்டாள். "ஏன்ப்பா மறைச்சீங்க? வீட்டுல ஒரு ரத்தக்குழாய் டாக்டரை வெச்சுக்கிட்டு?"

அவர் தன் காலைப் பார்த்தார்.

"ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் ஓட விட்டவன் நான். என் காலே எனக்கு ஓட மாட்டேங்குதுன்னு எப்படிச் சொல்லுவேன்? மொத தடவை வலிச்சு நின்னப்போ, உங்க மாமா பராக்கு மாஸ்டர்னு சொல்லிட்டான். எல்லாரும் சிரிச்சீங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நொண்டின்னு சொல்றதுக்கு இது தேவலையேன்னு அதையே பிடிச்சுக்கிட்டேன்."

"என்கிட்ட சொன்னீங்களே. கால் சில்லுன்னு இருக்குன்னு."

"நீ அவசரத்துல இருந்தே பாப்பா."

அதில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சிகரெட்டை அவர் அத்தோடு விட்டார். அதற்கு அவர் பட்ட பாடு தனிக் கதை. அவளும் மாறினாள். காலைத் தொட்டுப் பார்க்கிற சட்டம் அவளுக்கு ஆஸ்பத்திரி வாசலோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா காலை, அப்பா காலை, அலறி ஓடுகிற மாமாவின் காலைக்கூடப் பிடித்து உட்கார வைத்துப் பார்த்துவிடுவாள். வார்டில் நோயாளிகளின் பிள்ளைகளை அவள் அதட்டுவதில்லை. 'என்ன சொன்னார், எப்ப சொன்னார், நீங்க என்ன பதில் சொன்னீங்க' என்று பொறுமையாகக் கேட்கிறாள்.

நடப்பதுதான் இனி மருந்து என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு விரல் போன காலுக்குத் தகுந்த மாதிரி செய்த ஷூவைப் போட்டுக்கொண்டு அப்பா நடக்கத் தொடங்கினார். ஒரு மாலை எல்லாருமாக அதே கடைத்தெருவில் போனார்கள். அப்பா முன்னால் நடந்தார். முன்பு மாதிரி வேகம் இல்லை, ஆனால் நிற்கவில்லை. கடிகாரக் கடையைத் தாண்டினார், மூக்குக்கண்ணாடிக் கடையைத் தாண்டினார். நைட்டிக் கடை வந்ததும் நின்றுவிட்டார். இந்தத் தடவை "ஹால்ட்" சொல்லவில்லை.

மாமாவுக்குப் பழைய பேர் நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டார். அம்மா முகம் வெளுத்துவிட்டது. மகள் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க, நடைபாதையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஷூவுக்கு மேலே, கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்தாள்.

"வலிக்குதாப்பா? ஏன் நின்னீங்க?"

அப்பா குனிந்து அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் நின்றது, உதட்டில் சிரிப்பு வந்தது.

"வலியெல்லாம் இல்ல பாப்பா. அந்த நீலக் கலர் உங்கம்மாவுக்கு நல்லா இருக்கும்னு தோணுச்சு. இன்னிக்குத்தான் நெஜமாவே பராக்குப் பார்க்கறேன்."

விரலுக்கடியில் நாடி துடித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்தாள். மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அப்ப... சிரிக்கலாமா?"

"தாராளமாச் சிரிக்கலாம் மாமா," என்றாள் அவள். "ஆனா வீட்டுல ஒருத்தர் நடுவழியில நின்னா, வயசாயிடுச்சுன்னோ பராக்குன்னோ நாமளே ஒரு பேர் வெச்சுடக் கூடாது. ஏன் நின்னீங்கன்னு முதல்ல கேக்கணும். பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவங்க பக்கத்துலயே நிக்கணும். அப்புறம் சிரிச்சுக்கலாம்."